பிஎஸ்2 கன்ட்ரோலருக்கான இரட்டை யூஎஸ்பி அடாப்டர்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கறுப்பு பிளாஸ்டிக் டப்பி, முன்புறம் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) கன்ட்ரோலர் நுழையும் இரண்டு வாய், பின்புறம் குட்டையாக ஒரு யூஎஸ்பி வால். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைன் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற இந்த அடாப்டரின் மேலட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் சிப்தான். கம்ப்யூட்டரில் செருகியதும் ‘ட்வின் யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்’ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய் அதன் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் விஐடி (தயாரிப்பாளர் எண்) 0810, பிஐடி (பொருள் எண்) 0001 என்று இருக்கும். இந்த மதிப்புரை அந்த வகையைப் பற்றியது. வேறு எண் காட்டும் டப்பிகளுக்குக் கீழே சொல்லும் பட்டன் வரிசை பொருந்தாமல் போகலாம்.

நல்ல நிலையில் இருக்கும் டூயல்ஷாக் 2 என்ற பிஎஸ்2 கன்ட்ரோலரை, பழைய கன்சோல் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரிலும் பழைய பிசி கேம்களிலும் பயன்படுத்த இது போதும். இரண்டு பேர் சேர்ந்து ஆட இதைவிட மலிவான வழி இல்லை. காலால் மிதித்து ஆடும் நடனப் பாய்க்கும், பட்டனை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கணக்கில் எடுக்கும் கேம்களுக்கும், வைப்ரேஷனை முக்கியமாக நினைப்பவர்களுக்கும் இது சரிவராது. ஏன் என்று புரிய, டப்பிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் 1994இல் முதல் மாடல் வந்த நாளிலிருந்து 9 பின் பிளக்கில் ஒரே மொழியைத்தான் பேசுகிறது. கன்சோல் ஒவ்வொரு முறையும் ‘இப்போது என்ன அழுத்தப்பட்டிருக்கிறது’ என்று கேட்கும். கன்ட்ரோலர் முதலில் தன் வகையைச் சொல்லும், பிறகு பட்டன் நிலவரத்தை அனுப்பும். வகை எண் ஹெக்ஸ் கணக்கில் 41 என்றால் வெறும் பட்டன்கள். 73 என்றால் பட்டன்களும் இரண்டு ஸ்டிக்குகளும். டூயல்ஷாக் 2 மட்டும், முறையாகக் கேட்டால், 79 என்று பதில் சொல்லி ஸ்டார்ட், செலக்ட், ஸ்டிக் அழுத்தம் தவிர மற்ற ஒவ்வொரு பட்டனின் அழுத்த அளவையும் 0 முதல் 255 வரை தனித்தனியாகத் தரும். ‘முறையாகக் கேட்டால்’ என்பதில்தான் சங்கதி. அதற்குக் கன்ட்ரோலரை அமைப்பு நிலைக்குக் கொண்டுபோய், அழுத்தத் தகவலைத் திறந்துவிடும் கட்டளையைத் தனியாக அனுப்ப வேண்டும். மலிவான சிப் அதைச் செய்வதில்லை. 73இல் கிடைப்பதை வாங்கி, 12 பட்டன், ஒரு திசைக்கட்டை, நான்கு அச்சு என்று யூஎஸ்பி வடிவில் மாற்றிக் கொடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது.

கம்ப்யூட்டரில் செருகும்போது விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே டிரைவர் எதுவும் கேட்காது. ஸ்டார்ட் பக்கத்தில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று தட்டினால் பழைய கேம் கன்ட்ரோலர் பலகை திறக்கும்; அங்கே ஒரே பெயரில் இரண்டு சாதனங்கள் தெரியும். ஒரு கன்ட்ரோலர் மட்டும் செருகியிருந்தாலும் இரண்டுதான் தெரியும், காலியான வாயும் ஒரு சாதனமாகவே கணக்கில் வரும். தனியாக ஆடுகிறவர்கள் எப்போதும் 1 என்று போட்ட வாயிலேயே செருக வேண்டும். முதல் கன்ட்ரோலரை மட்டும் படிக்கும் பழைய கேம் தவறான சாதனத்தைப் பிடித்துக்கொண்டால், அதே பலகையில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, பழைய புரோகிராம்களுக்கு எது முதன்மை என்று தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து கன்ட்ரோலரின் நடுவில் இருக்கும் அனலாக் பட்டன். பெரும்பாலான டப்பிகள் இதைத் தாமாகப் போடாது. ஒவ்வொரு முறை செருகும்போதும் கையால் அழுத்திச் சிவப்பு விளக்கை எரியவைக்க வேண்டும். விளக்கு அணைந்திருந்தால் கன்ட்ரோலர் 41 என்ற வகையில் இருக்கிறது என்று அர்த்தம்: ஸ்டிக் இரண்டும் செத்ததுபோல் கிடக்கும், திசை பட்டன்கள் இடது ஸ்டிக்கின் அச்சுக்குப் போய்விடும். “ஸ்டிக் வேலை செய்யவில்லை, அடாப்டர் போலி” என்று வாங்கியவர்கள் எழுதும் புகார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டன்களுக்குப் பெயர் வைத்து முடித்த பிறகு விளக்கு நிலை மாறினால் திசைகள் எல்லாம் குழம்பும் என்பதால், விளக்கை எரியவிட்ட பிறகே எந்த அமைப்பையும் தொடங்க வேண்டும்.

விளக்கு எரியும் நிலையில் ஜாய் டாட் சிபிஎல் காட்டும் எண்கள் இவை: முக்கோணம் 1, வட்டம் 2, பெருக்கல் 3, சதுரம் 4, எல்2 5, ஆர்2 6, எல்1 7, ஆர்1 8, செலக்ட் 9, ஸ்டார்ட் 10, இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்துவது 11, வலது ஸ்டிக்கை அழுத்துவது 12. இதில் இரண்டு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. தோள் பட்டன்களில் 2 முன்னாலும் 1 பின்னாலும் வருகின்றன. அதைவிடப் பெரியது வலது ஸ்டிக்: மூன்றாவது அச்சு அதன் மேல்-கீழ் அசைவு, நான்காவது அச்சு இடம்-வலம். பல கேம்கள் இதை நேர்மாறாக எதிர்பார்க்கின்றன. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் ஆகாயத்தைப் பார்க்கிறது என்றால் கோளாறு இங்கேதான், கன்ட்ரோலரில் இல்லை. கேமிலேயே அச்சை மாற்ற வழி இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அடுத்த பத்திக்கு வர வேண்டியதுதான்.

புதிய கேம்கள் இந்த அடாப்டரைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. காரணம் எளிது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாப்ட் எக்ஸ்இன்புட் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் பட்டன்களின் பெயரும் இடமும் முன்கூட்டியே முடிவானவை, அதிகபட்சம் நான்கு கன்ட்ரோலர். கேம் எழுதுகிறவர்களுக்கு அது வசதி, அதனால் பழைய டைரக்ட்இன்புட் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நம் டப்பி டைரக்ட்இன்புட் மட்டும்தான் பேசும். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் தீர்ந்தது.

கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு வேறெதுவும் தேவையில்லை. செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், பொதுவகைக் கன்ட்ரோலர்களுக்கு ஸ்டீம் இன்புட்டை இயக்கிவிட்டு, அது ஒவ்வொன்றாகக் கேட்கும் பட்டனை அழுத்திக்கொண்டே வந்தால் போதும். வலது ஸ்டிக் கேட்கும்போது சரியான திசையில் அசைத்தால் அச்சு மாறாட்டமும் அங்கேயே நேராகிவிடும். ஸ்டீமில் வாங்காத கேமையும் ‘நான்-ஸ்டீம் கேம்’ என்று நூலகத்தில் சேர்த்து அங்கிருந்து தொடங்கினால் இதே பலன் கிடைக்கும்.

ஸ்டீம் வேண்டாம் என்றால் எக்ஸ்360சிஇ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள். இதன் பழைய 3ஆம் பதிப்பு கேம் இருக்கும் ஃபோல்டரில் ஒரு டிஎல்எல் ஃபைலை வைத்து வேலை செய்கிறது. கேம் 32 பிட் என்றால் 32 பிட் பதிப்பு, 64 பிட் என்றால் 64 பிட் பதிப்பு. மாற்றி வைத்தால் கேம் திறக்காது அல்லது கன்ட்ரோலர் தெரியாது. 4ஆம் பதிப்பு வேறு வழியில் போகிறது: விஜிஎம்பஸ் டிரைவர் மூலம் கற்பனையான ஓர் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரை உருவாக்குகிறது. அந்த டிரைவரின் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டுவிட்டாலும் கடைசிப் பதிப்பு இன்னும் ஓடுகிறது. இந்த வழியில் வரும் தொல்லை இரட்டை உள்ளீடு. கேம் உண்மையான அடாப்டரையும் பார்க்கும், கற்பனைக் கன்ட்ரோலரையும் பார்க்கும். மெனுவில் ஒருமுறை அழுத்தினால் இரண்டு வரி தாவும். ஹிட்ஹைட் என்ற கருவியை நிறுவி, உண்மையான அடாப்டரை மறைத்து, எக்ஸ்360சிஇக்கு மட்டும் பார்க்க அனுமதி கொடுத்தால் சரியாகும். ஆன்லைன் போட்டி கேம்களில் டிஎல்எல் வைக்கும் பழைய முறையைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் அந்நிய டிஎல்எல்லைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

எமுலேட்டர்களில் இந்தச் சுற்றுவழி எதுவும் தேவைப்படாது. பிசிஎஸ்எக்ஸ்2, ரெட்ரோஆர்க் இரண்டும் டப்பியை நேரடியாகப் படிக்கும். தானியங்கி அமைப்பு சில சமயம் வலது ஸ்டிக்கைக் கோட்டைவிடும். அந்த நான்கு திசையை மட்டும் கையால் பதிவு செய்தால் முடிந்தது.

ஆனால் பிஎஸ்2 எமுலேட்டருக்காகவே பிஎஸ்2 கன்ட்ரோலரைத் தேடி எடுத்தவர்களுக்கு ஏமாற்றம் இங்கே காத்திருக்கிறது. கிரான் டூரிஸ்மோ 3, 4 இரண்டிலும் பெருக்கல் பட்டனை மெல்ல அழுத்தினால் வண்டி மெல்லப் போகும். மெட்டல் கியர் சாலிட் 2, 3 இரண்டிலும் துப்பாக்கியைச் சுடாமல் இறக்க பட்டனை மெதுவாக விட வேண்டும். இந்த டப்பி வழியாக அதெல்லாம் கிடையாது. அழுத்தினால் முழு அழுத்தம், விட்டால் பூஜ்யம். கன்ட்ரோலருக்கு அந்தத் திறமை இருக்கிறது, நடுவில் இருக்கும் சிப்தான் அதைக் கேட்பதே இல்லை. எந்த மென்பொருளாலும் இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிசிஎஸ்எக்ஸ்2இல் ‘பிரஷர் மாடிஃபையர்’ என்று ஒன்று உண்டு: ஒரு பட்டனை அதற்கென்று ஒதுக்கினால், அதைப் பிடித்துக்கொண்டு அழுத்தும் பட்டன்கள் அரை அழுத்தமாகப் போகும். ஒப்பேற்றலாம். உண்மையான அழுத்தம் வேண்டும் என்றால் இந்த அடாப்டரில் பணம் போடாமல் பிஎஸ்3இன் டூயல்ஷாக் 3ஐத் தேடுவது மேல். அது நேரடியாக யூஎஸ்பியில் சேரும். சாதாரணமாகச் செருகினால் விண்டோஸில் உயிர்பெறாது, ஏனென்றால் முதலில் ஒரு விழிப்புக் கட்டளையை எதிர்பார்க்கிறது. டிஎஸ்ஹிட்மினி டிரைவர் அந்தக் கட்டளையை அனுப்புவதோடு அழுத்த அளவுகளையும் எடுத்துக் கொடுக்கும். கேபிள் மினி-பி வகை. சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் கடத்தாத கேபிள்கள் நிறைய நடமாடுகின்றன. அவற்றில் கன்ட்ரோலர் தெரியாது.

நடனப் பாய் வைத்திருப்பவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம். பாயின் நான்கு அம்புகளும் கன்ட்ரோலரின் திசை பட்டன்களே. ஆட்டத்தில் இடதும் வலதும் ஒன்றாக மிதிக்க வேண்டிய இடம் அடிக்கடி வரும். அடாப்டர் திசைகளைத் ‘திசைக்கட்டை’ என்ற எட்டுத் திசை வடிவத்தில் அனுப்புகிறது. அந்த வடிவத்தில் வடக்கு உண்டு, வடகிழக்கு உண்டு; கிழக்கும் மேற்கும் ஒருசேர என்று ஒன்று கிடையாது. விளக்கை அணைத்து அச்சு நிலைக்குப் போனாலும் இதே கதை, எதிரெதிர்த் திசைகள் ஒரே அச்சில் இருக்கின்றன. திசைகளைத் தனித்தனி பட்டன்களாக அனுப்பும் அடாப்டர்கள் உண்டு. அட்டையில் டிடிஆர் (டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற நடன கேம்) அல்லது நடனப் பாய் ஆதரவு என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம்.

வேறு சில விசேஷக் கருவிகளும் இதில் ஓடாது. முறுக்கி ஓட்டும் நெக்கான் கன்ட்ரோலர் 23 என்ற வேறு வகை எண்ணைச் சொல்கிறது, சிப்புக்கு அது புரியாது. கன்கான் துப்பாக்கிக்குப் பழைய படக்குழாய் டிவியின் வீடியோ சிக்னல் வேண்டும், எல்சிடி திரையும் அடாப்டரும் சேர்ந்து அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வைப்ரேஷன் விஷயத்தில் அட்டை சொல்வதையும் உள்ளதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் செருகினாலே வைப்ரேஷன் வராது. அதற்குத் தனி டிரைவர் தேவை. பெட்டியில் ஒரு குட்டி சிடி இருக்கும், இன்றைய லேப்டாப்பில் அதைப் போட இடமில்லை. அந்த டிரைவரைத் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து ஈஎக்ஸ்இ ஃபைலை இறக்குவது, கிடைக்கும் அதிர்வுக்குக் கொடுக்கக் கூடாத விலை. டிரைவர் கிடைத்தாலும் அதிர்வு கன்சோலில் இருந்ததைவிட மெலிந்துதான் இருக்கும்: பிஎஸ்2 மோட்டார்களுக்குச் சுமார் 7.5 வோல்ட் கொடுக்கிறது, யூஎஸ்பியில் இருப்பதே 5 வோல்ட். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளிலோ, தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலோ செருகினால் மோட்டார் சுழலும் கணத்தில் வோல்டேஜ் இறங்கி அடாப்டரே துண்டித்துக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவில் ‘டிடிங்’ என்ற சாதனத் துண்டிப்புச் சத்தம் வந்தால் முதலில் ஹப்பை விட்டுவிட்டு மதர்போர்டின் பின்பக்க வாயில் செருகிப் பார்க்கவும்.

லினக்ஸில் இதே டப்பி நன்றாக நடந்துகொள்கிறது. கெர்னலில் ஹிட்-பிஎல் என்ற டிரைவர் இந்த எண்ணுக்காகவே இருக்கிறது. இரண்டு வாயையும் தனித்தனி சாதனமாகப் பிரிக்கும் ஏற்பாடும் உண்டு, வைப்ரேஷனும் சிடி இல்லாமலேயே வரும். எஃப்எஃப்டெஸ்ட் கருவியால் அதிர்வையும், ஈவிடெஸ்ட் கருவியால் பட்டன்களையும் சோதிக்கலாம். தயாரித்தவர்கள் கொடுத்த டிரைவரைவிட யாரோ தன்னார்வத்தில் எழுதியது நன்றாக வேலை செய்கிறது என்பது இந்த வகைப் பொருள்களில் புதிதல்ல.

தாமதம் பற்றி ஒரு சொல். சிப் கன்ட்ரோலரைக் கேட்பது ஒரு வேகம், கம்ப்யூட்டர் சிப்பைக் கேட்பது இன்னொரு வேகம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி ஓடுவதில்லை. தாழ்வேக யூஎஸ்பி சாதனத்தை 8 மில்லிநொடிக்கு ஒருமுறைக்கு மேல் விண்டோஸ் கேட்காது. கார் ஓட்டவும் கால்பந்து ஆடவும் இது உறைக்காது. சண்டை கேம்களில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடிதான், அங்கே கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அடாப்டரின் மேல் விழும் பழியில் ஒரு பங்கு கன்ட்ரோலருடையது. வயதைக் கணக்குப் பாருங்கள்: டூயல்ஷாக் 2 வந்தது 2000இல். ஸ்டிக் தானாக நகர்ந்தால் உள்ளே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது; ஜாய் டாட் சிபிஎல்லில் காலிபரேட் செய்தால் சிறிய விலகல் மறையும், பெரியது மறையாது. பட்டன்கள் தாமாக அழுந்துவதுபோல் காட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஃபிலிம், சர்க்யூட் போர்டில் சரியாக ஒட்டி நிற்கவில்லை. திறந்து, தொடும் இடங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபிலிமை அழுத்தும் நுரைத்துண்டு சப்பையாகியிருந்தால் அதன் கீழ் ஓரிரு அடுக்கு டேப் ஒட்டினால் பல கன்ட்ரோலர்கள் திரும்பிவிடும். அசைத்தால் மட்டும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் வயர் முறிவு. பிளக் அருகிலும் கன்ட்ரோலரின் கழுத்திலும்தான் முறியும். மல்டிமீட்டரின் பீப் சோதனையில் ஒன்பது பின்னையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் எது என்று தெரியும்.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இந்த டப்பியைவிட நல்ல மாற்று கையிலேயே இருக்கிறது: ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற, நாமே புரோகிராம் ஏற்றும் குட்டி போர்டு, 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் ரகம். அதிகம் விற்பது 5 வோல்ட் ரகம், அதை வாங்கிவிடக் கூடாது. கன்ட்ரோலரின் சிக்னல் 3.3 வோல்ட் அளவிலானது. பிஎஸ்2 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வெட்டினால் கன்ட்ரோலர் செருகும் வாய் கிடைத்துவிடும். பின் 1 டேட்டா, அது போர்டின் 14க்கு. பின் 2 கமாண்ட், 16க்கு. பின் 7 கிளாக், 15க்கு. பின் 6 அட்டென்ஷன், 10க்கு. பின் 4 கிரவுண்டு. பின் 5 விசிசிக்கு. டேட்டா வயரிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 1 முதல் 10 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போடாவிட்டால் குப்பைத் தகவல் வரும், ஏனென்றால் கன்ட்ரோலர் அந்த வயரைக் கீழே இழுக்க மட்டும் செய்யும், மேலே தள்ளாது. வயர் நிறத்தை நம்பி ஒட்ட வேண்டாம், போலிக் கேபிள்களில் நிறம் மாறும். மீட்டரால் பின்னைத் தொட்டு உறுதிசெய்த பிறகே சால்டரிங். மென்பொருளுக்குப் பிஎஸ்எக்ஸ்நியூலிப் நூலகம் அழுத்த அளவையும் கேட்டு வாங்கும். ஆர்டுயினோ எக்ஸ்இன்புட் நூலகத்தைச் சேர்த்தால் போர்டு தன்னை எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் என்றே காட்டிக்கொள்ளும், எக்ஸ்360சிஇயும் ஹிட்ஹைட்டும் தேவையில்லை. அப்படிச் செய்த பிறகு போர்டின் சீரியல் போர்ட் மறைந்துவிடும். அடுத்த முறை புரோகிராம் ஏற்ற, ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு சட்டென்று இருமுறை தொட்டு, பூட்லோடர் விழித்திருக்கும் சில நொடிக்குள் ஏற்ற வேண்டும். போர்டு செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம்.

டப்பியையே வாங்குவதென்றால் கடையிலேயே சோதித்து வாங்கலாம், லேப்டாப் சுமக்க வேண்டியதில்லை. சொந்தக் கன்ட்ரோலரும், போனில் யூஎஸ்பி சாதனத்தைச் செருக உதவும் ஓர் ஓடிஜி கேபிளும் எடுத்துப் போனால் ஆண்ட்ராய்டு போனில் ஏதாவதொரு கேம்பேட் சோதனை ஆப் போதும். அனலாக் விளக்கு எரிகிறதா, இரண்டு வாயிலும் கன்ட்ரோலர் தெரிகிறதா, ஸ்டிக்கை விட்டதும் நடுவுக்கு வருகிறதா, பிளக்கை லேசாக ஆட்டினால் துண்டிக்கிறதா என்று பாருங்கள். பிளக் தளர்வாக இருந்தால் அதே கடையில் வேறு துண்டு கேளுங்கள். மலிவு டப்பிகளில் சிப்பைவிட வாய்தான் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது.